காலம் கடந்த பேஸின்கள்

வழக்கு என்று சொன்னால் கொஞ்சம் கூடிப்போகும். அது ஒரு மேன்முறையீடு. ஆனால் அதை எழுதியது நான், தட்டச்சுச் செய்தது நான், அதற்காக ஒரு வரி மதிப்பீட்டாளரை மூன்று புது வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான். எங்கள் வீட்டில் அது என்னுடைய வழக்காகி, "புள்ளட வழக்கு" என்று பெயர் பெற்றுவிட்டது. நானும் திருத்தவில்லை.

எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாப்பா சம்மாந்துறை ஆலைகளில் நெல் மூட்டை தூக்குகிறவர். உம்மா எழுத்துக்கூட்டி வாசிப்பா. நான் வணிகப் பட்டத்தை முடித்து, கல்முனையில் ஒரு கணக்காய்வாளரின் கந்தோரில், புடவைக் கடைக்கு மேல் மாடியில், குளிரூட்டிக்கு நேரே கீழே ஒரு மேசையைப் பிடித்திருந்தேன். அந்த மேசை எனக்குச் சிம்மாசனம். யாராவது கீழேயிருந்து படியேறி வரும் சத்தம் கேட்டால் பேனாவைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

கந்தோர் முதலாளியான எங்கள் சேர் அந்த வருஷம் மக்காவுக்கு உம்றா போனார். போகும்போது, முக்கியமான விஷயம் ஏதும் வந்தால் தான் திரும்பி வரும்வரை வைத்திருக்கச் சொன்னார். இந்த ஏற்பாடு வரிச் சட்டத்துக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவர் விமானம் ஏறிய வாரமே ஹாட்வெயார் ஹாஜியார் படியேறி வந்தார். எங்கள் ஊர்களில் பாதி வீடுகளுக்குச் சீமெந்தும் தரைக்குப் பதிக்கிற மாபிளும் கொடுத்த மனிதர். பருத்த உடம்பு, வெள்ளைத் தொப்பி, மெதுவான பேச்சு. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுத்து என் மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார். பெறுமதி சேர் வரி மதிப்பீட்டு அறிவித்தல். கடையில் இருந்த சரக்கு ஒரே வருஷத்தில் மளமளவென்று இறங்கியிருக்கிறது, அதற்கேற்ற விற்பனை கணக்கில் இல்லை, ஆகவே விற்பனையை மறைத்திருக்கிறீர்கள், இதோ வரி, இதோ தண்டம். தொகையைப் பார்த்துவிட்டு, பூச்சியம் ஏதும் தவறி விழுந்திருக்குமோ என்று இன்னொரு தடவை பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

மேன்முறையீட்டுக்குச் சட்டம் தருவது முப்பது நாள். அதில் பாதிக்கு மேல் ஹாஜியாரின் மேசை லாச்சிக்குள் கழிந்திருந்தது. சேர் கந்தோரில்தானே இருப்பார், ஆறுதலாகப் போகலாம் என்று நினைத்தாராம். நான் வியர்த்துவிட்டேன், குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு.

அந்தத் தொகையைக் கட்டுவதானால் கடைக்குப் பின்னாலிருந்த களஞ்சியத்தை அப்படியே விற்க வேண்டும். அங்கேதான் சிக்கல். களஞ்சியத்தில் கிடந்தவற்றில் பெரும்பகுதி ஹாஜியாருடையதே அல்ல.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு வீடு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். வீட்டை ஒரே மூச்சில் கட்டக்கூடியவர்கள் எத்தனை பேர்? மகள் பாவாடை சட்டையோடு திரிகிற காலத்திலேயே உம்மாமார் தொடங்கிவிடுவார்கள். ஒரு போகத்துக்குக் கதவு, அடுத்த போகத்துக்கு மாபிள், வெளிநாட்டிலிருந்து காசு வந்தால் குளியலறைச் சாமான். வாங்கியதை வீட்டில் வைக்க இடமில்லை, நனைந்துவிடும், உடைந்துவிடும். ஆகவே காசைக் கட்டிவிட்டு, சாமானைக் கடையிலேயே விட்டுவிடுவார்கள். ஹாஜியாரின் களஞ்சியத்தில் ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு வீட்டு அடையாளம் மையால் எழுதியிருக்கும். பிறை, நட்சத்திரம், ஒரு குடும்பத்துக்கு மீன். எங்கள் உம்மாவும் அங்கே ஒரு மூலையில் என் குளியலறைக்கு மாபிள் போட்டு வைத்திருந்தா. இன்னும் யாரென்றே தெரியாத ஒரு மனிதனின் கால் வழுக்காமலிருக்க, சொரசொரப்பானதாகப் பார்த்து எடுத்ததாம்.

கொரோனாவும் அதன்பின் வந்த விலையேற்றமும் எல்லாக் கல்யாணங்களையும் தள்ளிப்போட்டன. பிறகு ஒரு வருஷத்தில் எல்லோரும் ஒன்றாக விழித்துக்கொண்டார்கள். ஊர் முழுக்கக் கொத்தனார்கள். களஞ்சியத்திலிருந்து லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டிகளில் மாபிள் போனபடியே இருந்தது. வரிக் கந்தோர் கண்ட மாயச் சரிவு அதுதான்.

சரி, அந்தச் சாமான்கள் ஏன் அவருடைய சரக்குக் கணக்கில் இருந்தன? கேட்டேன். ஹாஜியாருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. வருஷக் கடைசியில் களஞ்சியத்தை எண்ணச் சொல்கிறார்கள், எண்ணினேன் என்றார். மற்றவர்களின் சாமானையுமா?

"அமானிதம் மகள், ஆக்கள் நம்பித் தந்தது. எண்ட சாமானையெண்டா எண்ணாம விடலாம். ஆக்கள்ற சாமான எண்ணாம விட்டா எப்புடி?"

பல்கலைக்கழகத்தில் எனக்குக் கற்பித்தவர்கள் யாரும் இப்படியொரு பிழையை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். வரி ஏய்ப்பவர்கள் சரக்கைக் குறைத்துக் காட்டுவார்கள் என்றுதான் சொல்லித் தந்தார்கள். மனிதர் பயபக்தியோடு கூட்டிக் காட்டியிருந்தார், வருஷா வருஷம்.

அன்று பின்னேரம் பழைய பில் கட்டுகளைத் தூசி தட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. உம்மாமார் காசு கட்டிய அன்றே ஹாஜியார் அவர்களுக்கு வரியோடு பில் போட்டிருக்கிறார். அந்தக் காலாண்டு வரி விவரத்திரட்டிலேயே அந்த வரியைக் கட்டியுமிருக்கிறார். சாமான் வெளியே போனபோது வெறும் ஏற்றுத் துண்டுதான். சட்டத்தின் கண்ணில் விற்பனை நடந்தது காசு வாங்கி பில் போட்ட நாளில். அதாவது பல வருஷங்களுக்கு முன்னால். அவ்வளவு பழைய காலத்துக்கு இப்போது யாரும் புதிதாக வரி மதிப்பிட முடியாது. மதிப்பீடு செய்வதற்கும் ஒரு காலக்கெடு இருக்கிறது. எங்களுக்கு முப்பது நாள் என்றால் அவர்களுக்குச் சில வருஷங்கள், அந்த வருஷங்களும் போய்விட்டன.

நான் கதவைச் சாத்திவிட்டு அபாயாவோடு இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிறகு சேருக்கு வட்ஸ்அப்பில் அழைப்பெடுத்தேன். அவர் மதீனாவில் பேரீச்சம்பழக் கடையில் நின்றார். பின்னால் விலை பேசுகிற சத்தம். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பில்லின் திகதியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, காலக்கெடுவை முதல் காரணமாகப் போடு, வேறொன்றும் எழுதாவிட்டாலும் அது நிற்கும் என்றார். நான் அன்றிரவு சோறு தின்னாமலே வயிறு நிறைந்திருந்தேன்.

மேன்முறையீட்டை ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் பந்தி காலக்கெடு. எவ்வளவு அழகான பந்தி. சட்டப் பிரிவுகள் ஒன்றையொன்று கைபிடித்துக்கொண்டு வரிசையில் நின்றன. ஹாஜியார் கையெழுத்துப் போட வந்தபோது அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். கடிதம் கிடைத்ததும் கெடுவில் பாதியை லாச்சிக்குள் போட்டவர், கையெழுத்தை மட்டும் கேட்காமல் போட மாட்டாராம். சொன்னேன். இந்த வரியைக் கேட்கிற காலம் முடிந்துவிட்டது, ஆகவே கேட்க முடியாது என்று எழுதியிருக்கிறேன் என்றேன், கிட்டத்தட்டப் பாடுவது மாதிரி.

அவர் பேனாவை மூடினார்.

"காலம் போனதால தப்பினன் எண்டா எழுதியிரிக்க?"

அப்படியில்லை, அது சட்டம் தருகிற உரிமை என்றேன்.

"கடனுக்குக் காலம் போகுமா மகள்? நாளைக்கு மறுமையில மஹ்ஷர்ல வந்து, ரப்பே, அவங்க வருசக்கணக்கில பிந்திட்டாங்க, எண்ட கணக்க மூடுங்க எண்டு செல்லவா? நான் கட்டிட்டன். கட்டிட்டன் எண்டு எழுது. வேற ஒண்டும் எழுதாத."

நான் விட்டுக்கொடுக்கவில்லை. கட்டியதைக் காட்ட வேண்டும், காட்டுவது கஷ்டம், பழைய பில்லில் இருக்கிற மாபிள்தான் இந்த வருஷம் வெளியே போன மாபிள் என்று எப்படி நிரூபிப்பது, காலக்கெடு என்றால் ஒரே பந்தியில் முடிந்துவிடும். தோற்றால் களஞ்சியத்தில் இன்னும் கிடக்கிற பெண்பிள்ளைகளின் சாமானும் போய்விடும். அதைச் சொன்னதும் அவருடைய முகம் வாடியது. ஆனாலும் பேனாவைத் திறக்கவில்லை.

மதீனாவுக்கு மறுபடியும் அழைத்தேன். ஹாஜியார் சொல்வதை ஹாஜியாரின் மேன்முறையீட்டில் எழுதத்தான் வேண்டும் என்றார் சேர். குரலில் சிரிப்பு இருந்தது. எனக்கில்லை. என் அழகான பந்தியை ஹாஜியாரின் கண்முன்னாலேயே, எழுத்தெழுத்தாக, பின்பக்கமாக அழித்தேன். அவர் கடைசி எழுத்து போகும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் இடத்தில் நான் எழுதியது சின்ன விஷயம். பில்லில் உள்ள மாபிள் இன்று எந்தெந்த வீட்டுத் தரையில் கிடக்கிறது என்று காட்டத் தயார், வந்து பாருங்கள். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது கடிதம் போய்ச் சேர்ந்தது. யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். வரி மதிப்பீட்டாளர், மட்டக்களப்புப் பக்கத்து மனிதர், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை, முதுகில் பை, கையில் தண்ணீர்ப் போத்தல். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு முன்பே ஒரு நிபந்தனை போட்டார். விஷயம் முடியும்வரை எந்த வீட்டிலும் எதையும் வாயில் வைக்க மாட்டார். தேத்தண்ணீர்கூட இல்லை. எங்கள் ஊர்களில் இது எவ்வளவு பாரதூரமான அறிவித்தல் என்று அவருக்குத் தெரியுமா என்று யோசித்தேன். தெரிந்திருந்தது. அதனால்தான் முதலிலேயே சொன்னாராம்.

அவர் மோட்டார் சைக்கிளில் முன்னால், நானும் ஹாஜியாரும் ஓட்டோவில் பின்னால். முதல் வீடு சாய்ந்தமருது. கல்யாணம் முடிந்து சில மாதம். சுவரில் சாய வாசம் இன்னும் போகவில்லை. மதிப்பீட்டாளர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தின் நீளத்துக்கும் அகலத்துக்கும் மாபிள்களை எண்ணினார். கதிரைகளுக்குக் கீழே எண்ண முழங்காலிட்டார். ஜன்னலுக்கு வெளியே அயலவர்கள் கூடி, ஏதோ நகை தொலைந்துவிட்டது என்று தங்களுக்குள் முடிவெடுத்தார்கள். ஒரு பெரியம்மா, கிணற்றடியிலும் பார்க்கச் சொன்னா.

எண்ணி முடித்துவிட்டு, இதை எப்போது வாங்கினீர்கள் என்று பெண்ணின் உம்மாவிடம் கேட்டார்.

"இவ பெரிய புள்ளயான வருசம்," என்றா உம்மா, மணப்பெண்ணைக் கைகாட்டி.

பெண் குசினிக்குள் ஓடிவிட்டாள். மதிப்பீட்டாளர் பேனாவைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அது எந்த வருஷம் என்று கேட்கிற துணிவு அவருக்கு வரவில்லை. நான்தான் குசினிக்குள் போய், கதவுக்குப் பின்னால் நின்றவளிடம் வயதைக் கேட்டு, கழித்து, வந்து சொன்னேன். பில்லில் அதே வருஷம். அவர் அதை எப்படிக் குறிப்பெடுத்தார் என்று எட்டிப் பார்த்தேன். "குடும்ப நிகழ்வொன்றின்போது" என்று எழுதியிருந்தார்.

நிந்தவூரில் இரண்டாவது வீடு. அங்கே தேத்தண்ணீர்த் தட்டு மூன்று தடவை வெளியே வந்து மூன்று தடவை உள்ளே போனது. முதலில் தேத்தண்ணீர் மட்டும், பிறகு வட்டிலப்பத்தோடு, பிறகு பொரித்த இறைச்சியோடு. ஒவ்வொரு தடவையும் அவர் போத்தலைத் தூக்கிக் காட்டினார். வீட்டுக்கார உம்மா என்னை மூலைக்குக் கூப்பிட்டு, எண்ண வந்த சேருக்கு எங்கள் கையால் தின்ன மனமில்லையா என்று கேட்டா, கண் கலங்கி. இல்லை, தின்றால் மாபிளின் எண்ணிக்கை மாறிவிடும் என்று யாராவது நினைத்துவிடுவார்கள் என்றேன். அவ அதை நம்பவில்லை. ஆனால் எண்ணிக்கை சரியாக வந்தது, வருஷமும் சரியாக வந்தது. தம்பியின் சுன்னத்துக் கல்யாணத்துக்கு வந்த காசில் வாங்கியது. வீடியோகூட இருந்தது. மதிப்பீட்டாளர் வீடியோ வேண்டாம் என்றார், ஆனாலும் போட்டுக் காட்டினார்கள்.

அட்டாளைச்சேனை மூன்றாவது வீட்டில்தான் சிக்கினோம். பில்லில் எழுதியிருந்ததைவிடத் தரையில் மாபிள் குறைந்தது. அவர் எல்லா அறையையும் எண்ணினார், படிக்கட்டையும் எண்ணினார். குறைவு குறைவாகவே நின்றது. ஹாஜியார் வாசலில் நின்று வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். மதிப்பீட்டாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, தங்கச்சி, ஒரு வீடு பிழைத்தால் நான் மற்ற வீடுகளையும் சந்தேகிக்க வேண்டிவரும் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. பிறையும் நட்சத்திரமும் மீனும் என் கண்ணுக்குள் லொறியில் ஏறிப் போயின.

அப்போது அந்த வீட்டுப் பெண் மெதுவாகச் சொன்னாள்:

"மிஞ்சினத்த கோழிக் கூட்டுக்குப் போட்டம்."

பின்வளவுக்கு ஓடினோம். உண்மையாகவே ஓடினோம், ஹாஜியாரும் சேர்ந்துதான். கோழிக் கூட்டுக்கு எங்கள் வீட்டு மண்டபத்தைவிட நல்ல தரை. கோழிகளை வெளியே துரத்தி, தண்ணீர் ஊற்றிக் கழுவினோம்; மதிப்பீட்டாளர் பையைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தோடு இடுப்புவரை உள்ளே போனார். உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எண்ணுகிற குரல் வந்தது. நாங்கள் வெளியே நின்று கூடவே எண்ணினோம், பெண்ணும் பெண்ணின் உம்மாவும் வேலிக்கு அப்பால் நின்றவர்களும். கடைசி எண் பில்லோடு பொருந்தியபோது வேலிக்கு அப்பாலிருந்து யாரோ கைதட்டினார்கள். மதிப்பீட்டாளர் தலையில் ஒரு இறகோடு வெளியே வந்தார்.

"இப்ப அந்தத் தேத்தண்ணியத் தாங்கம்மா," என்றார்.

எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஹாஜியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே சாப்பாட்டு மண்டபத்தின் மூலையிலிருந்த கை கழுவும் பேஸினைக் காட்டி, அது பில்லில் இல்லை, அது என் அன்பளிப்பு, என் கடையில் வாங்கின எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்யாணத்துக்கு ஒரு பேஸின் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டார். நான் அவருடைய காலை மிதிக்கப் பார்த்தேன். தூரமாக இருந்தது.

மதிப்பீட்டாளர் கோப்பையை வைத்துவிட்டு, மிகவும் வருத்தத்தோடு, மறுபடியும் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். கடைச் சரக்கை இனாமாகக் கொடுத்தாலும் வரி இருக்கிறது ஹாஜியார் என்றார்.

எனக்கு அழுகை வரப்பார்த்தது. ஹாஜியாரின் முகம் மட்டும் மலர்ந்தது. இது தனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் கட்டியிருப்பேன், இப்போதே கட்டுகிறேன் என்றார்.

சில வாரங்களில் தீர்மானம் வந்தது. மதிப்பீடு நீக்கப்பட்டது. அந்த வருஷம் கொடுத்த பேஸின்களுக்கு மட்டும் ஒரு சிறு தொகை. நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடைக்கே ஓடினேன். களஞ்சியக் கதவடியில் நின்று சத்தமாக வாசித்தேன். ஹாஜியார் ஒவ்வொரு அடுக்காகப் பார்த்துக்கொண்டே கேட்டார். சாமான் யாருடையதும் போகவில்லை. வாப்பா அன்று வேலையை விட்டு வந்து, கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நான் நிமிர்த்திக் கொடுக்கவில்லை. அவருடைய கையில் அது எப்படியிருந்தாலும் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த கிழமை ஹாஜியார் என்னையும் கூட்டிக்கொண்டு வரிக் கந்தோருக்குப் போனார். பேஸின் வரியைக் கட்ட என்றுதான் நினைத்தேன். காசு வாங்குகிற கருமபீடத்தில் அவர் ஒரு கட்டுக் காசை வைத்தார். கேட்ட தொகையைவிடப் பல மடங்கு. கடை தொடங்கிய நாளிலிருந்து கொடுத்த எல்லாப் பேஸின்களுக்கும் சேர்த்தாம். மனைவியோடு உட்கார்ந்து, எந்தெந்தக் கல்யாணத்துக்குப் போய்ச் சோறு தின்றோம் என்று யோசித்து யோசித்துக் கணக்கெடுத்தாராம்.

கருமபீடத்துப் பெண் விளங்காமல் நம் மதிப்பீட்டாளரைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார். காசையும் ஹாஜியாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத வாங்க ஏலாது ஹாஜியார். அந்த வருஷங்களுக்குக் காலம் போச்சு. மதிப்பீடு இல்லாம நான் இத எந்தக் கணக்கில போட?"

"ஆருக்குக் காலம் போச்சு?" என்றார் ஹாஜியார். "நான் உயிரோட நிக்கன். நீங்களும் நிக்கீங்க. பேஸினும் சுவத்தில நிக்கிது."

வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வரியைக் குறைக்க வந்தவர்கள் அவர்கள் எல்லோரும். மதிப்பீட்டாளர் பொறுமையாக விளக்கினார். காலக்கெடு இரண்டு பக்கமும் வெட்டும், அதைத் தாண்டிக் கேட்க எங்களுக்கு அதிகாரமில்லை, வேண்டுமானால் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்றார். ஏழைகளுக்கு வேறாகக் கொடுக்கிறேன், இது அரசாங்கத்தின் காசு என்றார் ஹாஜியார். என்னைப் பார்த்து, சட்டத்தைச் சொல்லு மகள் என்றார். நான் சொன்னேன். மதிப்பீட்டாளர் சொல்வதுதான் சட்டம். அழித்துப்போட்ட என் முதல் பந்தியை அச்சொட்டாக, இந்தத் தடவை வரிக் கந்தோரின் பக்கம் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். இடையில் எனக்கே சிரிப்பு வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. மதிப்பீட்டாளரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கேட்ட தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிட்டார்கள். ஹாஜியார் அதைத் திரும்பவும் ஒரு தடவை உள்ளே தள்ளிப் பார்த்தார். பிறகு மெதுவாக எடுத்து, சால்வையில் சுற்றி, என்னோடு வெளியே வந்தார். ஓட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"காச வாங்க ஏலாதெண்டு செல்லிட்டாங்க. இதுக்கு மேல மேன்முறையீடு ஒண்டு இரிக்கா மகள்?"

இருக்கிறது என்றேன். காசை வாங்க முடியாது என்பதைக் கடிதத்தில் தரச் சொல்லி எழுதிக் கேட்போம், அந்தக் கடிதம் வந்தால் அன்றே என்னிடம் கொண்டு வாருங்கள், லாச்சிக்குள் போடாதீர்கள் என்றேன். அவர் ஓமென்று தலையாட்டினார். ஓட்டோக்காரர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே கல்முனைப் பக்கம் திருப்பினார். நான் கைப்பையிலிருந்து பேனாவை எடுத்துவிட்டேன்.